தோல் செருப்பை விட்ட ஆண்டியப்பன்

திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி போகிற சாலையில், தைலமரக் காடு முடிகிற இடத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் ஆண்டியப்பன் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் வெறுமனே ஆண்டியப்பன் என்று கேட்கக் கூடாது. மாட்டு லாரி ஆண்டியப்பன் என்று கேட்க வேண்டும். அவர் அந்த லாரியை விட்டு இறங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஒரு தனியார் காலேஜுக்குப் பஸ் ஓட்டுகிறார். இருந்தாலும் ஊர் வைத்த பெயரை ஊர் லேசில் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

பத்தொன்பது வருடம் மாட்டு லாரி ஓட்டினார். யாவாரி நாகராஜன் சந்தை சந்தையாகப் போய் மாடு பிடிப்பார். பால் வற்றிய பசு, சினை நிற்காத கிடேரி, வண்டிக்கும் உழவுக்கும் ஆகாத காளை என்று எல்லாம் வந்து சேரும். அவற்றை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வழியாகக் கேரளாவில் இறக்க வேண்டியது ஆண்டியப்பன் பொறுப்பு. திரும்பும்போது காலி வண்டியாக வந்தால் கட்டாது. அங்கே உரித்து, உப்புப் போட்டு அடுக்கி வைத்திருக்கும் தோலை ஏற்றி வந்து திண்டுக்கல் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் இறக்குவார். தோல் பதனிடுகிற இடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்த இடத்துக்கு எதிரிலேயே செருப்பும் பெல்ட்டும் விற்கிற கடை ஒன்று இருந்தது. பத்தொன்பது வருடமும் ஆண்டியப்பன் காலில் கிடந்தது அந்தக் கடைச் செருப்புதான். தேயவே தேயாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மாட்டை ஏற்றுவது, கட்டுவது, வழியில் பார்த்துக்கொள்வது எதுவும் அவர் வேலை இல்லை. அதற்கு நாகராஜனின் ஆள் சவரியப்பன் கூட வருவார். வண்டி கொள்ளுகிறதைப் போல இரண்டு மடங்கு மாடு நிற்கும். மூக்கணாங்கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கம்பியில் கட்டியிருப்பார்கள். ஒன்று கால் துவண்டு கீழே சரிந்தால் மற்றவை மிதித்தே கொன்றுவிடும். அதனால் சரிந்த மாட்டைச் சவரியப்பன் பின்னால் ஏறி வாலை முறுக்கி எழுப்புவார். அதற்கும் எழவில்லை என்றால் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்ப்பார். ஆண்டியப்பனுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. சத்தம் கேட்கும். வண்டி ஆடுவதிலேயே தெரியும். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வண்டியை ஓட்டுகிறவனுக்கு ஓட்டுகிறதோடு சரி என்பது அவர் எண்ணம்.

ஒரு வைகாசி மாதம் சவரியப்பன் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒரு நடைதானே, சமாளித்துக்கொள்ளுங்கள் என்று நாகராஜன் சொல்லிவிட்டார். சந்தையில் கிளம்பவே தாமதம். விடிவதற்குள் தாண்டியிருக்க வேண்டிய செக்போஸ்ட்டுக்கு வண்டி வந்து சேர்ந்தபோது நல்ல வெயில் ஏறிவிட்டது. ஏதோ சோதனை என்று லாரிகளை வரிசையாக நிறுத்திப் போட்டிருந்தார்கள். பத்து மணிக்கு நின்ற வண்டி ஒரு மணி வரைக்கும் நகரவில்லை. தகரம் கொதித்தது. உள்ளே மூச்சு விடுகிற சத்தம் கொல்லன் துருத்தி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு தொப்பென்று ஒரு சத்தம். பின்னால் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு செவலைப் பசு விழுந்து கிடந்தது. வயதான மாடு. மூக்கணாங்கயிறு இறுகித் தலை மட்டும் மேலே தொங்கியது. பக்கத்து மாட்டின் குளம்பு அதன் விலாவில் இருந்தது. ஆண்டியப்பன் நாகராஜனுக்குப் போன் போட்டார். நாகராஜன் கோபப்படவில்லை. அவர் எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர்.

"எழுப்பி விட்டுருங்கண்ணே. கெடந்தா செத்துப்போகும். சீட்டுக்கு அடியில டப்பா இருக்கு, பாருங்க."

டப்பா இருந்தது. பழைய ஹார்லிக்ஸ் டப்பா. ஆண்டியப்பன் பக்கக் கம்பியில் ஏறி, மாடுகளுக்கு நடுவே இறங்கி, முதலில் வாலைப் பிடித்துப் பார்த்தார். பசு அசையவில்லை. முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார். அதன் கண்ணை ஒரு கையால் விரித்துப் பிடித்துத் தேய்த்தார். பசு உடனே எழுந்துவிட்டது. அத்தனை சுலபமாக எழும் என்று அவர் நினைக்கவே இல்லை. நான்கு காலும் நடுங்க நின்றது.

இறங்கி வந்து, வழிந்த வியர்வையை அதே கையால் துடைத்துவிட்டார். வலது கண்ணில் தீயை வைத்த மாதிரி இருந்தது. கேபினில் இருந்த ஐந்து லிட்டர் கேனை எடுத்துக் கண்ணில் ஊற்றினார். முழுக் கேனையும் தன் கண்ணிலேயே ஊற்றித் தீர்த்தார். எரிச்சல் அடங்க அரை மணிக்கு மேல் ஆனது. அதுவரை ஒற்றைக் கண்ணால் பார்த்துத்தான் வண்டியை ஓட்டினார். எல்லையைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அவருக்கு அது தோன்றியது. கையில் தண்ணீர் இருந்தது. அந்த மாட்டின் கண்ணில் ஒரு கை அள்ளி ஊற்றியிருக்கலாம். ஊற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த நடையை அவர் பாதியில் விடவில்லை. மாட்டை இறக்கினார். செவலைப் பசு நடந்துதான் இறங்கியது. திரும்பும்போது வழக்கம்போல் உப்புத்தோல் ஏற்றி, தோல் ஷாப்பில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டவர் மறுபடி அதில் கால் வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நாகராஜனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, முதுகு வலி, இனிமேல் முடியாது என்று சொன்னார். மனைவி செவந்தியிடமும் அதையேதான் சொன்னார். முதுகு வலி என்பது பொய்யும் இல்லை.

காலேஜ் வேலை கிடைத்தது பெரிய புண்ணியம் என்று செவந்தி சொன்னாள். காலையில் ஆறே முக்காலுக்கு ஆலங்குடியில் பஸ்ஸை எடுத்தால் வழிநெடுகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குக் காலேஜ். சாயங்காலம் அதே தடம். பிள்ளைகள் பாட்டுப் போடச் சொல்வார்கள், சீட்டுக்குச் சண்டை போடுவார்கள். தானாக ஏறி, தானாக இறங்கிப் போகிற லோடு என்பதே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் வருடம் ஆயுத பூஜைக்கு எல்லா டிரைவர்களுக்கும் காக்கித் துணியும் கருப்பு ஷூவும் கொடுத்தார்கள். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ரகுநாத் பெட்டியை நீட்டியபோது ஆண்டியப்பன் திறந்து பார்த்தார். வாசனையிலேயே தெரிந்துவிட்டது. கைக்கு எத்தனை ஆயிரம் தோல் வந்து போயிருக்கும். மாட்டுத் தோல்தான், நல்ல தோல். தோல் ஒத்துக்காது சார், அரிக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ரகுநாத்துக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மரியாதையான பையன். சரிண்ணே, கருப்பா இருந்தா போதும், நீங்களே ஒண்ணு வாங்கிக்கங்க என்று விட்டுவிட்டான்.

புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் ரெக்சின் ஷூ வாங்கினார். அசல் தோல் மாதிரியே இருக்கும், எவனும் கண்டுபிடிக்க முடியாது என்று கடைக்காரர் தைரியம் சொன்னார். பார்க்க அப்படித்தான் இருந்தது. போட்டால்தான் வித்தியாசம் தெரிந்தது. எஞ்சின் சூட்டில் உள்ளே கால் அவிந்து போனது. நாலாவது மாதம் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. அடுத்த ஜோடி மடிகிற இடத்தில் வெடித்தது. மூன்றாவது ஜோடி வாங்கியபோது அவருக்கே சலிப்பாக இருந்தது. எதற்கு இந்தப் பாடு என்று ஒரு மனம் கேட்டது. நீ போடாததால் எந்த மாடு பிழைத்தது என்றும் கேட்டது. ஆனாலும் அடுத்த முறையும் ரெக்சின்தான் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வரத்தான் செய்தார். கோழி தின்பார், மீன் தின்பார். மாட்டைத் தின்கிறவனை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாடு தின்பதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை என்றுதான் நினைத்தார். வழியில் நடப்பதைத்தான் அவரால் மறுபடி காலில் மாட்டிக்கொள்ள முடியவில்லை.

சர்க்கரை இருக்கிற உடம்பு. நான்காவது ஜோடி இடது காலின் சுண்டுவிரலைக் கடித்தது. சிறு கொப்புளம் என்று விட்டார். பதினைந்து நாளில் அது புண்ணாகிச் சீழ் வைத்தது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் பிரகதீஸ்வரி லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். காலைப் பார்த்ததும் பயந்துபோனாள். திருச்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். விரல் போய்விடும் போலிருந்தது. எப்படியோ போகாமல், நகம் மட்டும் விழுந்து, மூன்று மாதத்தில் புண் ஆறியது. இனிமேல் இந்த பிளாஸ்டிக் ஷூவைக் கண்ணால் பார்க்கக் கூடாது, காற்றுப் போகிற மாதிரி நல்ல தோலில் மெத்தென்று போடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த மாதம் பிரகதீஸ்வரி ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அப்பா காலின் அளவைக் காகிதத்தில் வரைந்து எடுத்துப்போய் வாங்கியிருந்தாள். பூ மாதிரி மெத்தென்ற தோல். ஆண்டியப்பன் நன்றாக இருக்கிறது ஆத்தா என்று சொல்லிப் பீரோவுக்கு மேல் வைத்தார். மறுநாள் டூட்டிக்குப் பழைய ரப்பர் செருப்போடு கிளம்பினார். அவள் வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"ஏம்ப்பா, பிடிக்கலையா?"

"பிடிக்காம என்னத்தா."

"அப்பறம் என்ன? எவ்வளவு அலைஞ்சு வாங்கியிருக்கேன் தெரியுமா. இன்னொரு தடவ புண்ணு வந்தா விரலோட நிக்காதுப்பா. நான் தெனமும் பாக்குறேன் அங்க."

அவர் பஸ் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் திருச்சி பஸ்ஸுக்குப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆண்டியப்பன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோனார். பெஞ்சில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறபோதுதான் சொன்னார். செக்போஸ்ட், வெயில், டப்பா, கண் என்று எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர்க் கேனையும் சொன்னார். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. எதிரில் நின்ற அறந்தாங்கி பஸ்ஸின் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு திருச்சி பஸ் போய்விட்டது. பிரகதீஸ்வரி எழவில்லை.

"அம்மாட்டச் சொல்லிருக்கீங்களா?"

"இல்ல."

"முன்னாடியே சொல்லிருந்தா நான் இத வாங்கிருக்க மாட்டேன்லப்பா." பிறகு, நர்ஸ் குரலில் சொன்னாள். "தோலு வேணாம்னா வேணாம். ஆனா ரெக்சினும் வேணாம். காலு போயிருச்சுன்னா அந்த மாடு வந்து ஒங்களுக்குச் சோறு போடாது."

அவள் அந்த ஜோடியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தாள். சர்க்கரைக்காரர்களுக்கென்று செருப்புத் தைக்கிற ஒருவர் அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருந்தார். அடியில் மெத்தென்ற ரப்பர் வைப்பார், மேலே தோல் தைப்பார். தோலுக்குப் பதில் தடித்த துணி வைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, தைக்கலாம், ஆனால் மழையில் நனைந்தால் காயாது, வருடத்துக்கு இரண்டு ஜோடி வேண்டியிருக்கும் என்றார். தைத்துக் கொடுத்தார். பார்க்க அழகாக இல்லை. வாத்துக் கால் மாதிரி அகலமாக, ஒட்டுப் பட்டையோடு இருந்தது. ரகுநாத் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மேலே கேட்டால் நான்தான் பதில் சொல்லணும்ண்ணே என்றான். டாக்டர் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி பைலில் வைத்துக்கொண்டான். மற்ற டிரைவர்கள் கொஞ்ச நாள் கிண்டல் செய்துவிட்டு விட்டுவிட்டார்கள். புண் திரும்ப வரவில்லை. மழைக்காலத்தில் மட்டும் கால் நாள் முழுக்க ஈரமாகக் கிடக்கும்.

இதோடு முடிந்தது என்றுதான் ஆண்டியப்பன் நினைத்தார்.

செவந்தி இரண்டு மாடு வைத்திருந்தாள். லாரி ஓடின காலத்திலும் சரி, இப்போதும் சரி, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது அவள்தான். அதில் மூத்த மாடு ஐந்து ஈத்துக்குப் பிறகு சினை பிடிக்கவில்லை. ஊசி போடுகிறவர் நாலு தடவை வந்து போட்டுவிட்டு, இனி விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் சோமு வந்தார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். செவந்தி வாங்க போங்க என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் உள்ளேயிருந்து வந்தவர், இப்போதைக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

செவந்தி மாடு கட்டியிருந்த கொட்டகையிலேயே நின்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிரகதீஸ்வரி தன்னிடம் எல்லாவற்றையும் எப்போதோ சொல்லிவிட்டாள் என்று சொன்னாள். முதுகு வலி என்று சொன்னதை நம்பவே இல்லை என்றும் சொன்னாள்.

"இத்தன வருசமா நான் பால் ஊத்துறேன். எத்தன காளங்கன்ன ஓட்டி விட்டுருக்கோம்? அதெல்லாம் எங்கிட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா, ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான வண்டி ஓட்டுனீங்க. செருப்ப மாத்திட்டா சரியாப் போச்சா?"

"சரியாப் போகல."

"அப்பறம்?"

"அது எதுவும் இனி திரும்பாது செவந்தி. இது கண்ணு முன்னாடி நிக்கிது. இதயாச்சும் விட்டுருவோம்."

"விட்டா? யாரு புல்லறுக்குறது? என் இடுப்பு ஒத்துழைக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

தானே அறுப்பதாகச் சொன்னார். சொன்னபோது அது ஒரு வார்த்தை. மறுநாளிலிருந்து அது வேலையாகிவிட்டது. பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போக வேண்டும். மழை இல்லாத மாதங்களில் அங்கே ஒன்றும் இருக்காது. அடுத்த ஊர் வரை போய் வைக்கோல் கட்டு ஏற்றி வர வேண்டும். அறுபது கிலோமீட்டர் கிளச்சும் பிரேக்கும் மிதித்த முழங்கால், குனிந்தால் நிமிராது. பால் தராத மாடு பால் தருகிற மாட்டைவிடக் குறைவாகத் தின்பதும் இல்லை. சில நாள் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிடுவார். சோமுவைக் கூப்பிட்டுவிடலாம் என்று தோன்றாத வாரம் இல்லை. ஒருமுறை போனை எடுத்துப் பெயரைத் தேடவும் செய்தார். தவணை முறையில் இரக்கப்படுவது எத்தனை அலுப்பான வேலை என்று லாரி ஓட்டுகிறபோது அவருக்குத் தெரியாது.

செவந்தி தினமும் முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே கழுநீர் வைத்தாள். தண்ணீர் காட்டினாள். இடுப்பு ஒத்துழைக்காது என்றவள் சாணி அள்ளினாள். புரட்டாசியில் சோமு இன்னொரு முறை வந்து நின்றபோது ஆண்டியப்பன் வீட்டில் இல்லை. அது இல்லாவிட்டால் இளசு கத்துகிறது, பால் இறக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லி அவளே திருப்பி அனுப்பிவிட்டாள். அது நிஜமா என்று ஆண்டியப்பன் கேட்கவில்லை. அவளும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தை பிறந்து பத்தாம் நாள் இளைய மாடு கன்று போட்டது. விடிந்ததும் செவந்தி சீம்பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கன்று எழ முயன்று விழுந்து, மறுபடி எழுந்து நின்றது. காளைக்கன்று.

"இத என்னங்க செய்யறது?" என்றாள் செவந்தி.

அவருக்குத் தெரியவில்லை. மூன்று மாட்டுக்குப் புல் அறுக்க உடம்பில் தெம்பு இல்லை. வளர்த்து யாருக்காவது உழவுக்குக் கொடுக்கலாம் என்றால் ஊரில் எல்லா வயலிலும் டிராக்டர்தான் ஓடுகிறது. கோயிலுக்கு விடலாம் என்றால் கோயில் மாடுகளும் கடைசியில் எங்கே போகின்றன என்பது அவருக்குத் தெரியும்.

"பாப்போம்," என்றார். குனிந்து கன்றின் மூக்கில் ஒட்டியிருந்த சவ்வை விரலால் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸை எடுக்கப் போனார்.